புது வண்டிக்கு இன்ஜின் ஆயில் எப்ப மாத்தணும்? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

புது வண்டி எடுத்தவங்க கேக்குறதுல பாதி கேள்வி ஆயில் பத்தித்தான் இருக்கு. 1000 கிலோமீட்டர்லயே மாத்திடுங்கனு ஒருத்தர் சொல்வாரு, 10,000 வரைக்கும் தொடவே வேணாம்னு இன்னொருத்தர் அடிச்சு சொல்வாரு. ரெண்டு பேருமே அவங்கவங்க வண்டிக்கு சரியாத்தான் சொல்றாங்க, ஒருத்தர் பைக்காரர், இன்னொருத்தர் கார்காரர், அவ்வளவுதான். ஒரு வண்டியோட கணக்கை இன்னொரு வண்டிக்குப் போடுறதுலதான் எல்லாக் குழப்பமும் வருது. அதனால தனித்தனியா பாத்துடலாம்.

புது பைக், ஸ்கூட்டருக்கு முதல் ஆயில் எப்ப மாத்தணும்?

பெரும்பாலான மேனுவல்ல 500-லேர்ந்து 1000 கிலோமீட்டருக்குள்ள, இல்லன்னா ஒண்ணு ரெண்டு மாசத்துக்குள்ள, எது முதல்ல வருதோ அப்பனு போட்டிருப்பாங்க. இதைத் தள்ளிப் போடவே போடாதீங்க. மத்த சர்வீஸ்ல கொஞ்சம் முன்ன பின்ன ஆனாகூட பரவால்ல, பைக்குக்கு இந்த முதல் ஆயில் சேஞ்ச்தான் ரொம்ப முக்கியம்.

காரணம் என்னன்னா, கியர் வச்ச பைக்குல பெரும்பாலும் இன்ஜின், கியர்பாக்ஸ், கிளட்ச் மூணுமே ஒரே ஆயில்லதான் ஓடுது. புதுசா ஒண்ணோட ஒண்ணு பழகுற கியர் பல்லுலேர்ந்து வர்ற இரும்புத் தூள், கிளட்ச் பிளேட்லேர்ந்து வர்ற தூள், பிஸ்டன் ரிங் போர்ல (பிஸ்டன் ஏறி இறங்குற சிலிண்டரோட உள்சுவர்) உரசி வர்ற தூள் எல்லாம் அதே ஆயில்லதான் கலக்கும். சின்ன பைக்ல மொத்தமே ஒரு லிட்டர் ஆயில்தான் இருக்கும், சிலதுல அதுவும் இருக்காது. அவ்வளவு கொஞ்ச ஆயில் இவ்வளவு தூளையும் தாங்கணும். போதாக்குறைக்கு நிறைய சின்ன பைக்ல பேப்பர் ஃபில்டரே கிடையாது, வெறும் வலை மட்டும்தான், அது பெரிய துகளைத்தான் பிடிக்கும், நைசா இருக்கிறதெல்லாம் சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

கார் முதல் சர்வீஸ் 1000 கிலோமீட்டர்ல விட்டேன், ஆயிலே மாத்தல. ஏமாத்திட்டாங்களா?

இல்லைங்க. நிறைய கார்களுக்கு அந்த முதல் சர்வீஸ் வெறும் செக்கப்தான், நட்டு போல்ட்டு டைட்டா இருக்கா, எங்கயாவது லீக் ஆகுதா, கூலன்ட், பிரேக் ஆயில், இன்ஜின் ஆயில் லெவல் சரியா இருக்கானு பாத்துட்டு அனுப்பிடுவாங்க. இப்ப வர்ற பெரும்பாலான பெட்ரோல் கார்ல முதல் ஆயில் சேஞ்ச் 10,000 கிலோமீட்டர் இல்லன்னா 1 வருஷம்னுதான் இருக்கு, சில மாடலுக்கு 5,000, சிலதுக்கு 15,000-னும் இருக்கும். கார்ல 3-லேர்ந்து 5 லிட்டர் வரைக்கும் ஆயில் ஓடுது, ஒழுங்கான ஃபில்டர் இருக்கு, கியர்பாக்ஸுக்கு தனி ஆயில், அதனால பைக் ஆயில் அளவுக்கு சீக்கிரம் அழுக்காகாது.

இங்க ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க, முதல் சர்வீஸ் வேற முதல் ஆயில் சேஞ்ச் வேற. பைக்ல ரெண்டும் ஒண்ணா வரும், கார்ல பெரும்பாலும் வராது. மேனுவல்ல பின்னாடி ஒரு சர்வீஸ் டேபிள் இருக்கும், அதுல "இன்ஜின் ஆயில்"னு இருக்கிற வரிசையில எந்த கிலோமீட்டருக்கு நேரா "மாற்று"னு இருக்கு, எதுக்கு நேரா "சோதி"னு மட்டும் இருக்குனு பாருங்க. உங்க வண்டிக்கான பதில் அந்த ஒரு வரிசையிலயே இருக்கு.

இருந்தாலும் காருக்கும் 1000-லயே மாத்திட்டா இன்ஜினுக்கு நல்லதுதானே?

இதுல நிறைய பேர் சண்டையே போட்டுக்கிறாங்க. என் கருத்தை சொல்லிடுறேன்: மேனுவல் கேக்கலன்னா 1000-ல மாத்த வேணாம்.

ஃபேக்டரியில இன்ஜினை கோக்கும்போது வால்வைத் திறக்குற கேம் மாதிரி பாகங்கள்ல மாலிப்டினம் கலந்த ஒரு அசெம்பிளி கிரீஸ் தடவுவாங்க, அது ஓட ஓட ஆயில்ல கரைஞ்சு ஆரம்பத்துல பாகங்களுக்கு கூடுதல் பாதுகாப்பு குடுக்கும். அதனால முதல் ஆயிலை சீக்கிரமா வடிச்சிடாதீங்கனு ஹோண்டா ரொம்ப நாளாவே சொல்லிட்டு வருது. இதுக்கு நேர் எதிரா இருக்கிற வண்டியும் உண்டு, பிஎம்டபிள்யூவோட எம் வகை கார்களுக்கு 2000 கிலோமீட்டர்ல கட்டாயம் ஒரு ரன்னிங் இன் சர்வீஸ் (புது இன்ஜின் பழகினதும் பண்றது), அதுல இன்ஜின் ஆயிலை மாத்தியே ஆகணும். ஆக கம்பெனி ரெண்டு விதமாவும் சொல்லுது, ரெண்டுக்கும் காரணம் இருக்கு, நம்ம வண்டிக்கு எதுனு மேனுவல்தான் சொல்லணும்.

இல்லைங்க எனக்கு மனசு கேக்கலனு சொல்றவங்க, 10,000 போட்டிருந்தா 5,000-ல ஒரு தடவை மாத்திக்கோங்க, அதனால இன்ஜினுக்கு எந்தக் கெடுதலும் இல்ல, கொஞ்சம் கூட செலவாகும் அவ்வளவுதான்.

அந்த முதல் ஆயில்ல அப்படி என்னதான் இருக்கும்?

புது இன்ஜின் போர் உள்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழனு இருக்கும்னு நினைப்போம், ஆனா வேணும்னே குறுக்கும் நெடுக்குமா மெல்லிசா கோடு போட்டிருப்பாங்க. அந்தக் கோட்டுலதான் ஆயில் தங்கும். அந்தக் கோட்டு முனைகள் மேல பிஸ்டன் ரிங் ஏறி இறங்கி உரசி, ரிங்கும் போரும் ஒண்ணுக்கொண்ணு செட் ஆகும். செட் ஆனாத்தான் கம்ப்ரஷன் நல்லா நிக்கும், ஆயில் மேல ஏறி எரியாது. அப்படி உரசுறப்ப வர்ற தூள் எல்லாம் முதல் ஆயில்லதான் சேரும். அதோட கேஸ்கட் இடுக்குல ஒட்டுற சிலிகோன் பசையும் கொஞ்சம் கரைஞ்சு வரும்.

முடிஞ்சா பைக்குக்கு முதல் தடவை ஆயில் வடிக்கும்போது பக்கத்துல நின்னு பாருங்க. வெயில்ல பிடிச்சுப் பாத்தா ஆயில்ல மினுமினுனு மின்னும். டிரெயின் போல்ட்ல காந்தம் இருக்கிற மாடலா இருந்தா அதோட முனையில சாம்பல் கலர்ல பசை ஒட்டியிருக்கும், விரல்ல எடுத்து தேச்சா நைசா, உறுத்தாம இருக்கணும், அது நார்மல். விரல்ல குத்துற மாதிரி செதில், சில்லு ஏதாவது இருந்தா உடனே மெக்கானிக் கிட்ட காட்டுங்க, அது பழகுற தூள் இல்ல, ஏதோ ஒரு பார்ட் உடையுதுனு அர்த்தம். இந்த வித்தியாசம் தெரிஞ்சா போதும், மின்னுறதைப் பாத்து பயப்பட வேண்டியதில்ல. ரெண்டாவது மூணாவது ஆயில் வடிக்கும்போது இந்த மினுமினுப்பு நல்லாவே குறைஞ்சிருக்கும்.

வருஷம் முழுக்க 2000 கிலோமீட்டர்கூட ஓடல. ஏன் மாத்தணும்?

நிறைய பேர் கோட்டை விடுற இடம் இதுதான். கம்மியா ஓடுற வண்டிக்கு ஆயில் நல்லா இருக்கும்னு நினைக்கிறது தப்பு, சில சமயம் அதிகமா ஓடுற வண்டியைவிட அதுலதான் ஆயில் மோசமா இருக்கும்.

இன்ஜின் எரியும்போது தண்ணி ஆவியும் வருது, எரியாத பெட்ரோலும் கொஞ்சம் ரிங் வழியா கீழ இறங்குது. நீண்ட தூரம் ஓடினா ஆயில் நல்லா சூடாகி இது ரெண்டும் ஆவியாப் போயிடும். அஞ்சு நிமிஷம் ஓட்டி நிறுத்தி, திரும்ப அஞ்சு நிமிஷம் ஓட்டி நிறுத்தினா ஆயில் அந்தச் சூட்டுக்கே வராது, தண்ணியும் பெட்ரோலும் உள்ளயே தங்கி ஆயிலை நீர்த்துப் போக வைக்கும், அமிலமும் உருவாகும். ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து பாத்தா உள்பக்கம் வெள்ளையா கிரீம் ஒட்டியிருந்தா இந்த ஈரம்தான் பெரும்பாலும் காரணம் (அதோட கூலன்ட்டும் குறைஞ்சுக்கிட்டே போனா அது வேற பிரச்சனை, உடனே காட்டணும்). அமிலத்தை முறிக்கவும் அழுக்கைப் பிடிச்சு வைக்கவும் ஆயில்ல கலந்திருக்கிற கெமிக்கல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா தீந்துபோகும், அதனாலதான் கிலோமீட்டரோட மாசத்தையும் சேத்துப் போடுறாங்க. எது முதல்ல வருதோ அதுதான் கணக்கு.

டிராஃபிக்லயே ஓட்டுறேன், தூசி ரோடு வேற. அதே கணக்குதானா?

இல்ல. மேனுவல்ல "கடுமையான பயன்பாடு"னு தனியா ஒரு பகுதி இருக்கும், யாரும் படிக்கிறதில்ல. சின்னச் சின்ன தூரம், நின்னு நின்னு போற டிராஃபிக், தூசி, மலை ஏத்தம், அதிக லோடு, ரொம்ப நேரம் ஐடிலிங் எல்லாம் அதுல வந்துடும். படிச்சுப் பாத்தீங்கன்னா நம்மள்ல முக்கால்வாசிப் பேர் ஓட்டுறதே அப்படித்தான்னு தெரியும். அதுக்கு பெரும்பாலும் பாதி இடைவெளிதான் குடுத்திருப்பாங்க. டிராஃபிக்ல நிக்கும்போது மீட்டர் ஓடாது ஆனா இன்ஜின் ஓடுதே, அதை கிலோமீட்டர் காட்டாது.

ஆயில் கருப்பாயிடுச்சு, மாத்திடணுமா?

கலரை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. டீசல் வண்டியில புது ஆயில் ஊத்தி கொஞ்சம் ஓட்டினாலே கருப்பாயிடும், கரிப்புகையை ஆயில் பிடிச்சு வச்சுக்குது, அதுதான் அதோட வேலை. பெட்ரோல்ல மெதுவா கருக்கும். ஆனா பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தாலோ, பெட்ரோல் வாடை தூக்கலா அடிச்சாலோ காத்திருக்காம மெக்கானிக் கிட்ட காட்டுங்க.

எந்த ஆயில் ஊத்துறது? கடையில ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பிராண்டைவிட டப்பா மேல இருக்கிற கிரேடும் தரமும்தான் முக்கியம்.

முதல்ல கிரேடு, 10டபிள்யூ30, 20டபிள்யூ40, 0டபிள்யூ20-னு இருக்கும். டபிள்யூ-க்கு முன்னாடி இருக்கிற நம்பர் குளிர்ல ஆயில் எப்படி ஓடும்ங்கிறது, அது குறைய குறைய காலையில ஸ்டார்ட் பண்ணும்போது ஆயில் சீக்கிரம் மேல ஏறும். பின்னாடி இருக்கிற நம்பர் 100 டிகிரி சூட்டுல ஆயில் எவ்வளவு கெட்டியா இருக்கும்ங்கிறது. இப்ப வர்ற இன்ஜின்ல இடைவெளி எல்லாம் ரொம்ப நுணுக்கமா இருக்கு, அதுக்குத்தான் மெல்லிசான ஆயில் சொல்றாங்க. கெட்டி ஆயில் ஊத்தினா இன்ஜின் நல்லா உழைக்கும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, மேனுவல்ல 0டபிள்யூ20 போட்டிருந்தா அதையே ஊத்துங்க.

ரெண்டாவதா பாக்க வேண்டியது தரம். பெட்ரோல் காருக்கு ஏபிஐ-ங்கிற அமெரிக்க பெட்ரோலிய அமைப்போட எஸ்என், எஸ்பினு தரம் வரும். எஸ்பி 2020-ல வந்தது. டர்போவும் நேரடி இன்ஜெக்‌ஷனும் உள்ள சின்ன இன்ஜின்கள்ல குறைஞ்ச ஆர்பிஎம்ல திடீர்னு முன்கூட்டியே எரிஞ்சு பிஸ்டனையே உடைக்கிற ஒரு பிரச்சனை இருந்துச்சு, அதை மனசுல வச்சு செஞ்ச தரம் அது, அதனால டர்போ பெட்ரோல் கார் வச்சிருக்கவங்க கண்டிப்பா பாத்து வாங்குங்க. டீசல்ல டிபிஎஃப் (புகையில வர்ற கரித்தூளைப் பிடிக்கிற ஃபில்டர்) இருந்தா சாம்பல் கம்மியா விடுற தனி ஆயில்தான் ஊத்தணும், சாதா டீசல் ஆயில் ஊத்தினா அந்த ஃபில்டர் சீக்கிரம் அடைச்சுக்கும்.

பைக்குக்கு வேற கதை. ஆயில்லயே கிளட்ச் ஊறி நிக்கிறதால கார் ஆயிலை ஊத்தக்கூடாது, அதுல வழுக்குறதுக்குனு கலக்குற பொருள் கிளட்ச் பிளேட்டையும் வழுக்க வச்சிடும், ஆக்ஸிலரேட்டர் குடுத்தா சத்தம் மட்டும் ஏறும் வண்டி இழுக்காது. இதுக்குனே ஜப்பான்ல 1998-ல ஜாசோனு தனி தரம் கொண்டு வந்தாங்க. கியர் பைக்குக்கு டப்பாவுல ஜாசோ எம்ஏ இல்லன்னா எம்ஏ2 இருக்கணும். கியர் இல்லாத ஸ்கூட்டர்ல கிளட்ச் ஆயில்ல ஊறுறது இல்ல, அதுக்கு நிறைய கம்பெனி ஜாசோ எம்பி தரத்தைச் சொல்லும். ஸ்கூட்டர் ஆயிலை கியர் பைக்ல ஊத்திடாதீங்க, டப்பா பாக்க ஒண்ணு போலவே இருக்கும்.

புது இன்ஜினுக்கு சிந்தெடிக் ஊத்தினா ரிங் செட் ஆகாதாமே?

பழைய பேச்சு. நிறைய கார் ஃபேக்டரியிலேர்ந்தே சிந்தெடிக் (செயற்கையா தயாரிக்கிற) ஆயிலோடதான் வருது, கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் 1992-லேர்ந்தே அப்படித்தான். மேனுவல் மினரல் (கச்சா எண்ணெயைச் சுத்திகரிச்சு எடுக்குற சாதா ஆயில்) போதும்னு சொன்னா மினரலே போதும், சிந்தெடிக் கேட்டா சிந்தெடிக். மினரல் கேக்குற வண்டிக்கு சிந்தெடிக் ஊத்திட்டோம்னு இடைவெளியை ரெண்டு மடங்கா இழுக்காதீங்க, அதுதான் ஆபத்து.

லெவல் எப்படிப் பாக்குறது?

சமதளமான இடத்துல நிறுத்துங்க. இன்ஜின் சூடா இருந்தா ஆஃப் பண்ணிட்டு அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, மேல இருக்கிற ஆயில் எல்லாம் கீழ இறங்கட்டும். டிப்ஸ்டிக்கை உருவி துணியில நல்லா துடைச்சுட்டு, திரும்ப முழுசா உள்ள விட்டு எடுத்துப் பாருங்க. முதல் தடவை உருவும்போது ஆயில் மேல கீழ பூசிக்கிட்டு தப்பாக் காட்டும், ரெண்டாவது தடவை எடுக்கிறதுதான் கணக்கு. கீழ்க்கோட்டுக்கும் மேல்க்கோட்டுக்கும் நடுவுல இருந்தா போதும், மேல்க்கோட்டை ஒட்டி இருந்தா இன்னும் நல்லது.

பைக்ல சைடு ஸ்டாண்டுல வச்சுப் பாத்தா தப்பாத்தான் காட்டும், நேரா நிமித்திப் பாக்கணும். டிப்ஸ்டிக்கை திருகி உள்ள விட்டுப் பாக்குறதா இல்ல சும்மா வச்சு எடுக்கிறதானு மாடலுக்கு மாடல் மாறும், நிறைய பைக்ல திருகாமத்தான் பாக்கணும்.

ஜாஸ்தி ஊத்துறதும் தப்புதான். ஆயில் கூடிப்போனா கிராங்க் அதை அடிச்சு நுரைக்க வைக்கும், நுரைச்ச ஆயில் சரியா பம்ப் ஆகாது, சீல் வழியா கசியும், பைக்ல ஏர் ஃபில்டர் வரைக்கும் வந்து நனைச்சிடும். கூடிடுச்சுனு தெரிஞ்சா கொஞ்சம் வடிச்சிடுங்க.

புது வண்டி ஆயில் குடிக்குது, இது நார்மலா?

ரிங் செட் ஆகுற வரைக்கும் கொஞ்சம் குறையலாம். அதனாலதான் முதல் சில ஆயிரம் கிலோமீட்டர் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது டிப்ஸ்டிக் பாருங்கனு சொல்றேன், 10,000 வரைக்கும் மாத்த வேணாம்னா 10,000 வரைக்கும் பாக்கவே வேணாம்னு அர்த்தம் இல்ல. குறைஞ்சிருந்தா அதே கிரேடு, அதே தரத்துல டாப் அப் பண்ணுங்க, அவசரத்துக்கு வேற பிராண்டா இருந்தாலும் கலக்கலாம். தொடர்ந்து குறைஞ்சுக்கிட்டே இருந்தா வாரன்டி இருக்கும்போதே எழுத்துல குடுத்து வைங்க.

டீசல்ல சில சமயம் லெவல் ஏறும். டிபிஎஃப்-ஐ எரிச்சு சுத்தம் பண்ணுறப்ப விடுற டீசல், இன்ஜின் ஆயில்ல கலக்குறதுதான் காரணம். ஏறினா நல்லதுனு விட்டுடாதீங்க, நீர்த்துப்போன ஆயில் அது, மாத்தணும்.

ஃபில்டரையும் கூட மாத்தணுமா?

கார்ல ஒவ்வொரு தடவையும் மாத்துங்க. பைக்ல ஃபில்டர் இருக்கிற மாடலா இருந்தா முதல் சர்வீஸ்ல கட்டாயம், வலை மட்டும் இருந்தா கழட்டி சுத்தம் பண்ணச் சொல்லுங்க. டிரெயின் போல்ட்டுக்கு அடியில இருக்கிற செம்பு இல்லன்னா அலுமினிய வாஷரையும் புதுசா போடச் சொல்லுங்க, பழசையே போட்டு கசியாம இருக்கணும்னு போல்ட்டை ஓவரா முறுக்கி திரெட்டைக் கெடுத்துடுறாங்க, அது பெரிய செலவுல போய் முடியும்.

1000-ல மாத்த வேண்டியது, 1600 ஓடிடுச்சு. இன்ஜின் போச்சா?

போகல. இன்னிக்கே போய் மாத்துங்க, அடுத்ததை கரெக்ட் டைம்ல மாத்துங்க. ஆனா ஃப்ரீ சர்வீஸ் கூப்பன்ல கிலோமீட்டரும் நாளும் ரெண்டும் இருக்கும், தாண்டிட்டா வாரன்டியில பேச்சு வரலாம், அதனால மாத்தின தேதி, கிலோமீட்டர், ஊத்தின ஆயிலோட கிரேடு மூணும் பில்லுல இருக்கானு பாத்து வாங்கி வைங்க. வெளி மெக்கானிக் கிட்ட மாத்தினா வாரன்டி போயிடுமானும் கேக்குறாங்க, அது அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் கம்பெனி கண்டிஷனையும் பொறுத்தது, வாரன்டி புக்ல படிச்சுட்டு முடிவு பண்ணுங்க.

முதல் ஆயில் மாத்துற வரைக்கும் எப்படி ஓட்டணும்?

ரொம்ப முறுக்கவும் வேணாம், ரொம்ப பொத்திப் பொத்தியும் ஓட்ட வேணாம். ஒரே ஸ்பீடுல மணிக்கணக்கா போகாம ஏத்தி இறக்கி ஓட்டுங்க, அப்பத்தான் ரிங் நல்லா செட் ஆகும். டாப் கியர்ல போட்டு வண்டி திணறத் திணற ஓட்டுறது, ஸ்டார்ட் பண்ண உடனே ரேஸ் பண்றது, சூடாகட்டும்னு நிறுத்தி வச்சே அரை மணி நேரம் ஓட விடுறது, இது மூணும் வேணாம்.

இன்ஜின் ஃப்ளஷ், கூடுதல் அடிட்டிவ் போடச் சொல்றாங்களே?

புது இன்ஜின்ல கழுவ ஒண்ணுமே இல்ல. வேணாம்னு சொல்லிடுங்க.

ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிக்கு?

எலக்ட்ரிக்ல இன்ஜினே இல்ல, இன்ஜின் ஆயிலும் இல்ல, கியர் பகுதிக்கு மட்டும் தனி ஆயில் இருக்கும், அதுக்கு மேனுவல்ல வேற கணக்கு. ஹைபிரிட்ல இன்ஜின் இருக்கு, அது அடிக்கடி நின்னு நின்னு ஓடுறதால ஆயில் சூடாகவே நேரம் எடுக்கும், அதனால பாதி தூரம் பேட்டரியிலதான ஓடுச்சுனு தள்ளிப் போடாதீங்க.

வீட்டுலயே மாத்தினா பழைய ஆயிலை என்ன பண்றது?

சாக்கடையிலயோ மண்ணுலயோ ஊத்தாதீங்க, நிலத்தடி தண்ணி வரைக்கும் கெடுக்கும். புது ஆயில் வந்த கேன்லயே பழசை ஊத்தி மூடி, பழைய ஆயில் சேகரிக்கிற ஒர்க்‌ஷாப்லயோ மறுசுழற்சி இடத்துலயோ குடுங்க, ஃபில்டரையும் கவுத்து வச்சு வடிய விட்டு அதோட சேத்துக் குடுங்க. பழைய ஆயில் அடிக்கடி தோல்ல பட்டா கேன்சர் வர வாய்ப்பு இருக்கு, கையுறை போட்டுக்கோங்க, பட்டா சோப்புப் போட்டு கழுவுங்க. சூடா இருக்கும்போது வடிச்சா நல்லா வடியும்தான், ஆனா இன்ஜினை ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் ஆற விட்டு, வெதுவெதுப்பா இருக்கும்போது போல்ட்டைக் கழட்டுங்க, கொதிக்கிற ஆயில் கையில கொட்டினா தாங்க முடியாது.